கோட்டுக்கு அப்பால் தெரிந்த பந்து

கேலரியில் உட்கார்ந்து கால்பந்தாட்டத்தைப் படமெடுப்பவனுக்கு முதல் எதிரி, முன்படியில் இருப்பவரின் தலை. நல்ல காட்சி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும் அதே கணத்தில் அவருக்கும் தெரிந்துவிடும். எழுந்து நின்றுவிடுவார். என்னிடமுள்ள பழைய படங்களில் பாதி, முதுகுகள்தான். கோல் விழுந்த கணத்தின் சட்டைகள், தூக்கிய கைகள், ஒருமுறை யாரோ மேலே வீசிய தொப்பி. பந்தை மட்டும் காணோம்.

இரண்டாவது எதிரி மைதானத்துக்கும் நமக்கும் நடுவிலுள்ள கம்பிவலை. மூன்றாவது, எங்கள் கேலரி மேற்குப் பார்த்தது என்பதால், நாலரை மணிக்குமேல் முகத்தில் அடிக்கும் வெயில். இவற்றை எல்லாம் சமாளிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு கோடைகள் ஆயின.

நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்ற வருடமே மனைவி இறந்துவிட்டாள். பெங்களூரில் இருக்கும் மகள், “வீட்டுக்குள்ளயே கெடக்காதீங்கப்பா” என்று தன்னுடைய பழைய கேமராவையும் நீளமான லென்ஸ் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள். பறவைகளைப் படமெடுப்பேன் என்று நினைத்திருப்பாள். ஆரப்பாளையத்தில் என் வீட்டைச் சுற்றிக் காக்கைகளும் பேருந்துகளும்தான் உண்டு. ஆனால் நடந்துபோகும் தூரத்தில் ஒரு மைதானம் இருந்தது. கோடை விடுமுறையில் அங்கே உள்ளூர் அணிகளின் போட்டி நடக்கும். என் நண்பன் அங்கே லைன்ஸ்மேன். அதனால் போகத் தொடங்கினேன்.

அவனும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு. கீழக்குயில்குடியில் விவசாயக் குடும்பம் அவனுடையது. நகரத்துக் கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருந்தான். இளமையில் நன்றாக ஆடியவன். பிறகு நடுவராக ஓடினான். முழங்கால் போன பிறகு கொடியைப் பிடித்துக்கொண்டு பக்கக்கோட்டில் ஓடினான். மைதானத்தில் எல்லோருக்கும் அவன் ‘லைன் அண்ணே’. இரண்டு அணிகளும் அடித்துக்கொள்ளும் நிலைக்குப் போனாலும், “லைன் அண்ணே என்ன சொல்றாரு?” என்று ஒருவன் கேட்பான். என் நண்பன் சொன்னதோடு அது முடிந்துவிடும். எனக்கு மட்டும் அவன் மாப்ள. அவனுக்கு நான் மாப்ள.

ஆட்டம் முடிந்ததும் கேலரி ஏறி வருவான். எனக்குப் பக்கத்துப் படியில் அவனுக்காகத் துண்டு விரித்து வைத்திருப்பேன். என் பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றிக்கொண்டு கேமராவின் சின்னத் திரையில் அன்றைய படங்களைப் பார்ப்பான்.

“என்னடா இது, பூரா வெறும் காலா நிக்கிது? பந்து எங்க?”

“போயிருச்சு.”

“நீ பந்தப் பாத்துட்டுப் பட்டன அமுக்குற. அது அதுக்குள்ள திருமங்கலம் போயிரும். பந்தப் பாக்காத மாப்ள, இடுப்பப் பாரு.”

“இந்த வயசுலயாடா?”

“ஆட்டக்காரன் இடுப்படா, கெழட்டுப் பயலே!”

அவன் சொன்னது சரி. உதைப்பதற்கு முன் இடுப்பு திரும்பும். அது திரும்பும்போதே அழுத்தினால், கேமரா தன் வேலையைச் செய்து முடிப்பதற்கும் பந்து காலில் படுவதற்கும் சரியாக இருக்கும். போட்டி நடக்கும் அந்த வாரங்களில்தான் நான் தினமும் இன்னொரு மனிதனோடு பேசினேன். மற்ற மாதங்களில் பால்காரரிடம் பேசுவேன், ஞாயிறன்று ஆலய வாசலில் நாலு பேரிடம் நலம் விசாரிப்பேன், மகளிடம் தொலைபேசியில் “சாப்பிட்டேன்” என்பேன்.

இனிச் சொல்லவேண்டியது அந்த அரையிறுதி ஆட்டத்தைப் பற்றி. பத்து வருடத்துக்கு மேலாகிறது. மஞ்சள் சட்டை அணிக்கும் நீலச் சட்டை அணிக்கும் ஆட்டம். ஆட்டம் முடியச் சற்று முன்பு, நீலம் ஒரு கோல் முன்னால். மஞ்சள் அணியின் தலைவன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். நான் அவன் இடுப்பைப் பார்த்து லென்ஸைக் கோல் பக்கம் திருப்பிவிட்டேன். பந்து குறுக்குக்கம்பத்தின் அடியில் பட்டுச் செங்குத்தாகக் கீழே இறங்கியது. தரையைத் தொடுமுன் கோல்கீப்பர் விழுந்து பிடித்தான். எனக்கு முன்னால் இருந்தவர் அதிசயமாக எழுந்திருக்கவில்லை. அழுத்திவிட்டேன்.

நண்பன் அப்போது மூலைக்கொடியின் பக்கத்தில், கோல்கோட்டுக்கு நேராக, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் கையிலிருந்த கொடி அசையவில்லை. கோல் இல்லை. மஞ்சள் அணியினர் கத்தினார்கள். தலைவன் மட்டும், “லைன் அண்ணே சொன்னா சரிதான், விடுங்கடா” என்றான். ஆட்டம் முடிந்தது. மஞ்சள் தோற்றது.

வீட்டுக்கு வந்து கணினியில் படத்தைப் போட்டுப் பார்த்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். எதிர்வெயிலில் புழுதி பொன்னாக நிற்கிறது. கோல்கீப்பரின் விரல்கள் பந்தைத் தொடுகின்றன. அவன் கண்கள் மூடியிருக்கின்றன. எல்லாப் படத்தையும் போலவே அதையும் நெருக்கி வெட்டினேன். கீழே கிடந்த வெறும் மண் எதற்கு என்று எடுத்துவிட்டேன். பிறகு போட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினேன்.

வெட்டிய படத்தில் பந்து வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இருந்தது. நன்றாக அப்பால். பார்த்த யாரும் கோல் என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள். அதுவரை என் படங்களுக்கு இரண்டு கட்டைவிரல்கள் வரும், ஒன்று நண்பனுடையது. அன்று குரூப் நிற்கவே இல்லை. “செம கிளிக் சார்.” “சாருக்கு ஒரு சல்யூட்.” “இந்தப் படம் மட்டும் இல்லேன்னா உண்மை தெரிஞ்சிருக்காது சார்.” முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். நான் ஒவ்வொன்றையும் பலமுறை படித்தேன்.

மறுநாள் காலை ஒருவர், கொஞ்சம் பெரிய அளவில் வேண்டும் சார் என்று கேட்டிருந்தார். அதற்காக முழுப் படத்தைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது, நான் வெட்டி எறிந்த மண்ணில் கிடந்த பந்தின் நிழல்.

அது வெள்ளைக் கோட்டின் மேலேயே விழுந்திருந்தது.

இதை விளக்கவேண்டும். ஆய்வகத்தில் பையன்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு அளவுகோலைப் படிப்பார்கள். முள் ஓர் இடத்தில் இருக்கும், அவர்கள் வேறோர் எண்ணைச் சொல்வார்கள். “கண்ணை நேரா வைடா” என்று தலையில் தட்டி நிமிர்த்துவேன். பாடப்புத்தகத்தில் அதற்கு இடமாறு தோற்றப்பிழை என்று பெயர். பணிக்காலம் முழுக்க அதைக் கரும்பலகையில் எழுதியவன் நான். நான் உட்கார்ந்திருந்தது கேலரியின் நடுவில், உயரத்தில். அங்கிருந்து சாய்வாகப் பார்த்தால், கோட்டுக்கு நேர்மேலே காற்றில் நிற்கும் பந்து, கோட்டைத் தாண்டிக் கிடப்பதுபோலத்தான் தெரியும். நீண்ட லென்ஸ் தூரங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அதை இன்னும் நம்பவைக்கும். வெயிலோ அன்று கோட்டின் வாக்கிலேயே அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே நிழல் கோட்டில் விழுந்தால் பந்தும் கோட்டுக்கு மேலேதான். முழுப் பந்தும் தாண்டினால்தான் கோல். கண்ணை நேராக வைத்திருந்தவன் அந்த மைதானத்தில் ஒருவன்தான். அவன் மூலைக்கொடியருகே நின்றிருந்தான்.

நான் கணினியை மூடினேன். பெரிய அளவில் கேட்டவருக்கு வெட்டிய படத்தையே அனுப்பினேன்.

ஏன் என்று இத்தனை வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். பாராட்டு ஒரு காரணம். இன்னொன்று அதைவிடக் கேவலமானது. மைதானத்துக்குள் நுழைந்தால் எல்லோரும் வணக்கம் சொல்வது அவனுக்கு. நான் அவன் பக்கத்தில் நடந்துவரும் ஆள். அந்த இரண்டு நாள் எனக்கு வணக்கம் வந்தது.

அன்று மாலைக்குள் மஞ்சள் அணியின் நண்பர்கள் மைதானத்து வாசல் தேநீர்க்கடை மேல் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நம் ஊரில் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலிக்கும் ஃபிளெக்ஸ், கோலுக்குக் கட்டமாட்டார்களா? என் படம் பெரிதாக. பந்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “இதுக்கு மேல என்னடா வேணும் கோலுக்கு?” என்று கொட்டை எழுத்து. கீழே தோற்ற அணி முழுவதும் கூலிங்கிளாஸோடு வரிசையாக. ஓரத்தில் சின்னதாக, ‘படம்: நம்ம சார்’.

அடுத்த நாள் காலையில் நண்பன் என் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக வாசலிலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு வருபவன், அன்று அழைப்புமணியை அடித்தான். உட்காரவில்லை.

“மாப்ள, ஒண்ணு கேக்கணும். நீ சயின்ஸ் வாத்தியாரு, ஒனக்குத் தெரியும். எனக்கு அன்னைக்கு அம்புட்டு தெளிவாத் தெரிஞ்சுச்சு, பந்து கோட்டு மேலதான். ஒன் படத்துல பாத்தா உள்ள கெடக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அது உள்ள போயிருச்சாடா?”

நான் சொன்னேன்: “படத்துல அப்பிடித்தான் தெரியுது மாப்ள.”

இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. படத்தில் அப்படித்தான் தெரிந்தது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். பொய் சொல்லியிருந்தால் என்றாவது ஒருநாள் அதை ஒப்புக்கொள்ளத் தோன்றியிருக்கும். இது எனக்கு வருடக்கணக்கில் இடம் கொடுத்தது.

அவன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். “அப்ப நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்” என்றான். சொல்லிவிட்டுப் போனான்.

நேராகக் காளவாசலுக்கு மஞ்சள் அணித் தலைவனைத் தேடிப் போயிருக்கிறான். அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான். பிறகு போட்டிக் கமிட்டியிடம் கொடியைக் கொடுத்துவிட்டு, கண் சரியில்லை, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டான். கண் ஆஸ்பத்திரிக்கும் போனான். வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: “கண்ணுல ஒண்ணும் கொறையில்லங்கறாங்க. அப்ப மண்டைலதான் மாப்ள.” நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வந்த கோடைகளில் அவன் ஆட்டம் தொடங்குமுன்பே கேலரிக்கு வந்து, நான் விரித்த துண்டில் உட்கார்ந்துகொள்வான். எனக்கு முன்னால் யாராவது எழுந்தால் “தம்பி, உக்காருப்பா, மாப்ள படமெடுக்குறான்” என்பான். இடுப்பைப் பார்த்துச் சொல்வான்: “இப்ப அடிக்கப் போறான், அமுக்கு.” என் நல்ல படங்கள் எல்லாம் அந்த வருடங்களில் எடுத்தவை. ஆனால் பந்து கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் குனிந்து தன் செருப்பைப் பார்ப்பான். “லைன் அண்ணே, அது அவுட்டா?” என்று பழைய பழக்கத்தில் யாராவது கேட்டால், “நமக்கு என்னப்பா தெரியும்” என்பான். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரும் போய்விட்டது. முழங்கால் மோசமான பிறகு கீழக்குயில்குடி வீட்டோடு இருந்துகொண்டான். இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வருவான்.

இந்த வருடம் போட்டிக் கமிட்டி பழைய படங்களைப் பெரிதாக அச்சிட்டு மைதானச் சுவரில் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். அந்தப் படம் கண்டிப்பாக வேண்டும் என்றார்கள். ஆரப்பாளையத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போனேன். வெட்டிய படம் அந்த அளவுக்குத் தாங்காது, ஒரிஜினல் இருக்கிறதா என்று கணினி முன்னால் இருந்தவர் கேட்டார். பென் டிரைவில் இருந்தது. கொடுத்தேன். பெரிய திரையில் முழுப் படமும் விரிந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சார், கீழ கோட்டு மேல கருப்பா கறை மாதிரி ஒண்ணு கெடக்கு. தூக்கிரவா? ரெண்டு செகண்டு வேலதான்.”

“வேண்டாம்” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. “அது நெழலு. அது இருக்கட்டும். சுவருக்கு வேண்டாம். எனக்கு ஒரு பிரிண்ட் மட்டும் போடுங்க.”

பிரிண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அப்படியே பேருந்து ஏறினேன். வீட்டுக்குப் போயிருந்தால் மனம் மாறியிருக்கும்.

சமணமலைக்கு இந்தப் பக்கம் அவன் வீடு. வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். “அட மாப்ள! போனு கூடப் போடாம வார?” என்று எழுந்தான். உள்ளே திரும்பி, “ஏய், யாரு வந்திருக்கான்னு பாரு. ஒல வையி” என்றான். அவன் மனைவி வந்து, “வாங்கண்ணே, மெலிஞ்சு போயிட்டீங்களே” என்றுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நான் பிரிண்டைக் கட்டிலில் விரித்தேன். நாலு மூலையும் சுருண்டுகொண்டே இருந்தது. ஒரு பக்கம் அவன் சொம்பை வைத்தான், மறுபக்கம் நான் கையை வைத்தேன். நிழலைக் காட்டினேன். ஆய்வகத்தில் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னேன்: என் இடம், உயரம், வெயில், கோடு. அவன் விரலால் பந்தைத் தொட்டான். பிறகு நிழலைத் தொட்டான்.

“அப்ப நான் பாத்தது சரி.”

“சரி.”

“இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

“நீ வீட்டுக்கு வந்து கேட்டேல்ல. அதுக்கு மொத நாளே.”

அவன் விரல் நிழலின் மேலேயே இருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “எம்புட்டு வருசம். ஒவ்வொரு மேட்சும் யோசிச்சேன். எத்தன பயலுக வாயில மண்ணப் போட்டேனோ, எத்தன கோல இல்லேன்னு சொன்னேனோன்னு. நான் புடிச்ச கொடி பூராவுமே தப்போன்னு.”

“மாப்ள...” என்றேன்.

“அந்தக் காளவாசல் பயகிட்டப் போயிச் சொல்லுங்க” என்றான். “நான் அவன் கையப் புடிச்சிருக்கேன்.”

சொல்லுங்க என்றது எனக்கு முதலில் உறைக்கவில்லை. அவன் மனைவி வெளியே வந்து, “அண்ணே, கை கழுவுங்க, சாப்பிடலாம்” என்றார். அவன், “சாரு கெளம்புறாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றான். பிரிண்டைச் சுருட்டித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். கல்லூரிக் காலத்திலிருந்து அவன் என்னைச் சார் என்று சொன்னதில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். பேருந்து வர இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது.

மஞ்சள் அணித் தலைவன் இப்போது காளவாசலில் டயர்க்கடை வைத்திருக்கிறான். தொப்பை விழுந்துவிட்டது. கைபேசியில் முழுப் படத்தைக் காட்டி விளக்கினேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான்.

“எந்த மேட்ச் சார்? நீலச் சட்டைக்காரங்க கூடவா? அதுல நாங்க செயிக்கலையா?”

“தோத்தீங்க.”

“அப்பிடியா? மறந்தே போச்சு சார். ஃபிளெக்ஸு கட்டுனது ஞாபகமிருக்கு, கூலிங்கிளாஸு எங்க சித்தப்பாவுது.” சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். “லைன் அண்ணே வந்தது நல்லா ஞாபகமிருக்கு. ரோட்டுல, அம்புட்டு பேருக்கு முன்னாடி, எங் கையப் புடிச்சு, தப்புப் பண்ணிட்டேன் தம்பின்னாரு. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. வீட்டுக்குப் போயி ஃபிளெக்ஸக் கழட்டிருங்கடான்னு சொன்னேன். அவரு நல்லாருக்காரா சார்?”

அன்று மாலை முழுப் படத்தையும் குரூப்பில் போட்டேன். நிழலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அது கோல் அல்ல, லைன்ஸ்மேன் சொன்னதே சரி, எனக்கு அப்போதே தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று எழுதினேன். குரூப்பில் இருப்பவர்களில் பாதிப்பேர் அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். சிலர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர், “சூப்பர் கிளிக் சார்” என்றார். இறுதி ஆட்டத்துக்குப் பந்தல் போடும் நேரம் பற்றி இன்னொருவர் கேட்டார். அதற்கும் கீழே நண்பனிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது.

“நன்றி சார்.”

இப்போது நான் கேலரியின் நடுவில் உட்காருவதில்லை. வடக்குக் கோடியில், கோல்கோட்டுக்கு நேராக உள்ள படியில் உட்காருகிறேன். அங்கே கூரை கிடையாது. வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். ஆகவே யாரும் வருவதில்லை. படமெடுக்க ஆகாத இடம். கோல்கம்பம் பாதியை மறைத்துவிடும், ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்பதுபோல் படத்தில் விழுவார்கள். கோடு மட்டும் சரியாகத் தெரியும். பழக்கத்தில் பக்கத்தில் துண்டை விரித்து வைக்கிறேன்.

இறுதி ஆட்டத்தன்று நல்ல கூட்டம். தலையில் கைக்குட்டை கட்டிய நடுவயதுக்காரர் ஒருவர் இடம் தேடிக்கொண்டு அங்கே வந்தார்.

“சார், இங்க ஆள் வாராங்களா?”

வாசல் பக்கம் பார்த்தேன். “வரல” என்று துண்டை எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் இந்தக் கோல் முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. பந்து கோட்டருகே உருண்டது, ஒரு கால் அதைத் தடுத்து வெளியே தள்ளியது. கேலரி முழுக்க எழுந்து கோல் கோல் என்று கத்தியது. பக்கத்திலிருந்தவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“கோலா சார்? உள்ள போயிருச்சுல்ல?”

“இல்ல. கோட்டு மேலதான் இருந்துச்சு.”

“நல்லாப் பாத்தீங்களா? போட்டா எடுத்திருப்பீங்கள்ல, காட்டுங்க.”

“எடுக்கல. பாத்துக்கிட்டிருந்தேன்” என்றேன்.

அவர் நம்பவில்லை. இடைவேளையில் நிழல் தேடிப் போய்விட்டார். நான் துண்டை மறுபடியும் பக்கத்தில் விரித்து வைத்தேன்.